யார் செய்தது என்று சொல்லாத ஆங்கிலம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் லேக் சுப்பீரியர் மாநிலப் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது. நம்மில் யாராவது அதன் பெயரைக் கேள்விப்பட்டிருந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு பட்டியலாகத்தான் இருக்கும். 1976ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து, ஆங்கிலத்தை விட்டுத் துரத்தப்பட வேண்டிய சொற்கள் என்று ஆண்டுதோறும் ஒரு பட்டியலை அது வெளியிட்டு வருகிறது. பொதுமக்கள் தங்களை எரிச்சல்படுத்தும் சொற்களை எழுதி அனுப்புவார்கள். அதிலிருந்து தேர்ந்தெடுத்துப் புத்தாண்டையொட்டி அறிவிப்பார்கள். பத்திரிகைகளுக்கு ஒரு நாள் செய்தி. படிப்பவர்களுக்கு ஒரு நாள் சிரிப்பு.

இம்மாதிரிப் பட்டியல்களை நான் விரும்பிப் படிப்பவன். பகலெல்லாம் ஆங்கிலக் கடிதங்களோடு மல்லுக்கட்டுபவனுக்கு, தன்னை எரிச்சல்படுத்தும் சொல் இன்னொருவனையும் எரிச்சல்படுத்துகிறது என்று தெரிவது ஓர் ஆறுதல். ஆனால் தொடர்ந்து படிக்கப் படிக்க இவற்றின் அடிப்படையிலேயே ஒரு கோளாறு இருப்பது தெரிகிறது. 2014 பட்டியலில் ‘செல்ஃபி’ இருந்தது. அந்தச் சொல் என்ன பாவம் செய்தது? தன்னைத் தானே கைப்பேசியில் படம் எடுப்பது என்பதை ஒரே வார்த்தையில் சொன்னது. அதற்கு முன் அந்தச் செயலுக்குப் பெயர் கிடையாது. பெயர் தேவைப்பட்டது, வந்தது. தமிழிலும் நாம் தற்படம், தம்படம், சுயமி என்று ஆளுக்கொன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ‘ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா?’ என்றுதான் கேட்கிறோம். அந்தச் சொல் யாரையும் ஏமாற்றவில்லை, யாருடைய பணத்தையும் தின்னவில்லை. அடிக்கடி காதில் விழுந்தது, அவ்வளவுதான் அதன் குற்றம்.

எரிச்சல் நல்ல விமர்சகன் அல்ல என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது. எரிச்சலை மட்டும் நம்பினால் மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுவோம். ஒன்று, நமக்குப் பழக்கமில்லாத சொற்கள். இரண்டு, தேவையில்லாமல் ஊதிப் பெருத்த சொற்கள். மூன்று, செய்தவனை மறைக்கும் சொற்கள். முதலாவது குற்றமே இல்லை. இரண்டாவது சில்லறைக் குற்றம். மூன்றாவதுதான் ஆபத்து. ஆனால் நடைமுறையில் நாம் அதிகம் சிரிப்பது முதலாவதைப் பார்த்து. மூன்றாவதை அநேகமாகக் கவனிப்பதே இல்லை.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். ‘லிட்டரலி’ என்ற சொல்லை இளையவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்ற புலம்பலைக் கேட்காத ஆங்கில ஆசிரியர் இருக்க முடியாது. ‘சொல்லுக்குச் சொல் அப்படியே’ என்று பொருள்பட வேண்டிய இடத்தில், ‘சிரிச்சு சிரிச்சு லிட்டரலி செத்துட்டேன்’ என்கிறார்களாம். அப்படிச் செத்தவர்கள் ஒன்றும் இன்றைய இளைஞர்கள் மட்டுமல்ல. மார்க் ட்வெய்ன் அந்தச் சொல்லை அப்படி மிகைக்காகப் பயன்படுத்தியிருக்கிறார். ஜேம்ஸ் ஜாய்ஸ் பயன்படுத்தியிருக்கிறார். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 1909லேயே அந்த மிகைப் பயன்பாட்டைக் குறித்து வைத்திருக்கிறது. ‘டெசிமேட்’ என்றால் பத்தில் ஒருவரைக் கொல்வதுதான், மொத்தமாக அழிப்பது அல்ல என்று அடம்பிடிப்பவர்களும் உண்டு. கலகம் செய்த படைப்பிரிவில் பத்துக்கு ஒருவரைக் கொல்லும் ரோமானியத் தண்டனையிலிருந்து வந்த சொல் அது. வரலாறு சரி. ஆனால் இன்று அந்தத் தண்டனையைப் பற்றிப் பேசும் தேவை எத்தனை பேருக்கு இருக்கிறது? நாற்றம் என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்தைத்தான் குறித்தது என்பதற்காக மல்லிகைப் பூவைக் கட்டிக்கொண்டு வரும் பெண்ணிடம் போய் ‘நாற்றம் அருமை’ என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

இந்தப் பகுதியில் நம் ஊர்க் கதை ஒன்றும் இருக்கிறது. மலேசிய, சிங்கப்பூர் அலுவலகங்களில் ‘ப்ளீஸ் ரிவர்ட்’ என்று முடியாத மின்னஞ்சல் அபூர்வம். பதில் போடுங்கள் என்று பொருள். ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது, பதில் எழுதுவது அல்ல என்று இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த ஒருவர் கட்டாயம் நம்மைத் திருத்துவார். அதேபோல் வெளியூர் போயிருப்பவரை ‘அவுட்ஸ்டேஷன்’ என்கிறோம். காலனிய அதிகாரிகள் விட்டுப்போன சொல், நாம் பத்திரமாக வைத்துக் கொண்டிருக்கிறோம். கூட்டத்தைத் தள்ளிவைத்தால் ‘போஸ்ட்போன்’, முன்கூட்டி வைத்தால் ‘ப்ரீபோன்’ என்கிறார்கள் இந்தியாவில். இதைவிடத் தர்க்கமான ஒரு சொல்லை யார் உருவாக்க முடியும்?

சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டு நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கத்தை அப்போதைய பிரதமர் கோ சோக் தோங் தொடக்கி வைத்தார். சிங்கிலிஷைப் பேசினால் உலகத்துக்கு நாம் சொல்வது புரியாது என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. 2016இல் ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதி ‘ஷியோக்’, ‘ஆங் மோ’ போன்ற சிங்கப்பூர்ச் சொற்களைத் தன் பக்கங்களில் சேர்த்துக்கொண்டது. ஊரில் தலையில் குட்டு வாங்கிய பிள்ளையை வெளியூர்க்காரன் வீட்டுக்குள் அழைத்து நாற்காலி போட்டுக் கொடுத்த மாதிரி. இதில் யார் சரி என்பது என் கேள்வி அல்ல. என் கேள்வி இதுதான்: ‘ப்ளீஸ் ரிவர்ட்’ என்று எழுதும் குமாஸ்தாவைப் பார்த்துச் சிரிக்கிறோம். ‘சினெர்ஜியை லெவரேஜ் செய்வோம்’ என்று மேடையில் பேசும் ஆலோசகரைப் பார்த்துத் தலையாட்டுகிறோம். குமாஸ்தாவுக்கு என்ன வேண்டும் என்பது அவர் எழுதியதில் தெளிவாக இருக்கிறது. பதில் வேண்டும். ஆலோசகருக்கு என்ன வேண்டும் என்று கூட்டத்தில் யாருக்காவது தெரியுமா? நாம் மொழியைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் சம்பளத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

இரண்டாவது வகை, ஊதிப் பெருத்த சொற்கள். இப்போது என்று சொல்ல ‘அட் திஸ் பாய்ண்ட் இன் டைம்’. இனிமேல் என்பதற்கு ‘கோயிங் ஃபார்வர்டு’. யூஸ் என்ற மூன்றெழுத்து வேலையைச் செய்ய ‘யூட்டிலைஸ்’. பேசலாம் என்பதற்கு ‘டச் பேஸ்’, அது பேஸ்பால் விளையாட்டிலிருந்து வந்தது. நம் தாமான் திடல்களில் பந்து உதைத்து வளர்ந்தவர்களில் எத்தனை பேர் பேஸ்பால் மட்டையைக் கையால் தொட்டிருப்போம்? இவற்றைப் பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. ஒரு மணி நேரக் கூட்டத்தில் இவற்றை எண்ணிக்கொண்டிருந்தால் தூக்கம் வராது என்பது ஒன்றுதான் இவற்றால் நன்மை.

இந்த நோய்க்கு மருந்து எழுதியவர்களில் முக்கியமானவர் எர்னஸ்ட் கவர்ஸ் என்ற பிரிட்டிஷ் அரசு அதிகாரி. அரசு ஊழியர்களுக்காக 1948இல் ‘ப்ளெய்ன் வேர்ட்ஸ்’ என்ற சிறு நூலை எழுதினார். அதுவும் அதன் தொடர்ச்சியும் சேர்ந்து 1954இல் ‘தி கம்ப்ளீட் ப்ளெய்ன் வேர்ட்ஸ்’ ஆனது. அந்த நூலுக்கு நம் பக்கம் ஒரு தொடர்பு உண்டு. 1979 பிப்ரவரியில் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூ அமைச்சர்களையும் மூத்த அதிகாரிகளையும் கூட்டிவைத்து, எளிமையாகவும் தெளிவாகவும் எழுதுவது எப்படி என்று ஓர் உரை நிகழ்த்தினார். ஒரு நாட்டின் பிரதமர் தன் அமைச்சரவைக்குக் கட்டுரைப் பாடம் எடுத்த காட்சியை நினைத்துப் பாருங்கள். எழுத்தில் தெளிவு போதாத, ஆனால் திறமையுள்ள அதிகாரிகளுக்கு கோ கெங் சுவீ இந்த கவர்ஸ் நூலைத்தான் கொடுப்பார் என்று அந்த உரையில் அவர் குறிப்பிட்டார்.

கவர்ஸின் நூல் இன்றும் படிக்க இதமானது. திட்டாமல், கிண்டலோடு திருத்துகிற வாத்தியாரின் குரல். ஆனால் அதிகாரிகள் ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்பதற்கு அவர் பிரதானமாகச் சொல்லும் காரணங்கள் பழக்கமும் சோம்பலும் எச்சரிக்கையும். எனக்கென்னவோ அச்சம் என்ற ஒன்றை முதலில் வைக்கத் தோன்றுகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையன் ‘பணம் வரவில்லை, அனுப்புங்கள்’ என்று எழுத மாட்டான். எழுதினால் மரியாதை தெரியாதவன் என்று மேலாளர் நினைப்பார். ஆகவே பழைய கோப்பைத் திறந்து, தனக்கு முன் இருந்தவர் எழுதியதைப் பார்த்து எழுதுவான். முன் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார். மலாய் அரசுக் கடிதங்களில் ‘பெர்காரா டி அத்தாஸ்’ என்று தொடங்குவதும் இதே சங்கிலிதான். நீண்ட சொல் அந்தப் பையனுக்குக் கழுத்துப்பட்டி மாதிரி. நம் வெயிலுக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் நேர்முகத் தேர்வுக்குக் கட்டிக்கொண்டு போகிறோம். கட்டியவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கட்டச் சொல்பவனைக் கேட்க வேண்டும்.

தமிழர்கள் இதில் சளைத்தவர்கள் அல்ல. இந்திய அலுவலகங்களின் ‘டூ தி நீட்ஃபுல்’ என்ற தொடரை உலகமே கேலி செய்கிறது. நம் சங்கங்கள் அமைச்சுக்கு எழுதும் மனுக்களைப் பாருங்கள். ‘தாங்கள் ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.’ ஆவன என்றால் எவை? தமிழ்ப்பள்ளிக்குக் கூரை போட வேண்டுமா, நிலப் பட்டா வேண்டுமா? மனுவைப் படிக்கும் அதிகாரி ‘ஆவன’ செய்துவிட்டதாக எழுதிக் கோப்பை மூடினால் நாம் என்ன கேட்க முடியும்?

மூன்றாவது வகைக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேசும்போது ஜார்ஜ் ஆர்வெல்லைத் தாண்டிப் போக முடியாது. 1946 ஏப்ரலில் ‘ஹொரைசன்’ இதழில் வந்த அவருடைய ‘பாலிட்டிக்ஸ் அண்ட் தி இங்லிஷ் லேங்வேஜ்’ என்ற கட்டுரை, எழுதக் கற்றுக்கொடுக்கும் ஒவ்வொரு வகுப்பிலும் வேதம் மாதிரி ஓதப்படுகிறது. தேய்ந்த உவமை வேண்டாம், நீண்ட சொல் வேண்டாம், வெட்ட முடிந்தால் வெட்டு, செயப்பாட்டு வினையைத் தவிர் என்ற அவருடைய விதிகளை மனப்பாடமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டுரையிலேயே செயப்பாட்டு வினைகள் ஏராளம் என்று மொழியியலாளர்கள் எண்ணிக் காட்டியிருப்பது வேறு கதை.

கட்டுரையின் உண்மையான பலம் அந்த விதிகளில் இல்லை. ஊர்களில் குண்டு போட்டு மக்களைக் கொன்றுவிட்டு அதற்கு ‘அமைதிப்படுத்துதல்’ என்று பெயர் வைக்கும் ஆட்சிகளைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. பொறுத்துக்கொள்ள முடியாததைப் பொறுத்துக்கொள்ள வைக்கத்தான் அரசியல் மொழி இப்படி மங்கலாக இருக்கிறது என்பது அவருடைய வாதம். இந்தியாவில் பிறந்து, 1922 முதல் 1927 வரை பர்மாவில் பேரரசின் போலீஸ் அதிகாரியாக இருந்தவர் அவர். அறிக்கைகள் எப்படி எழுதப்படுகின்றன என்பதை உள்ளேயிருந்து பார்த்தவர்.

அவர் அதை எழுதி இரண்டே ஆண்டுகளில், 1948இல், அந்தக் கட்டுரைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றே செய்தது போல மலாயாவில் ஒரு போர் தொடங்கியது. பன்னிரண்டு ஆண்டுகள் நடந்த அதற்கு ஆங்கிலத்தில் பெயர் ‘எமர்ஜென்சி’. நம் பாட்டிமார்கள் இன்றும் ‘அவசரகாலம்’ என்றுதான் சொல்கிறார்கள். போர் என்று அறிவித்தால் தோட்ட முதலாளிகளுக்குக் காப்புறுதிப் பணம் கிடைக்காது என்பதால் அந்தப் பெயர் வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின் கீழ் காட்டோரம் குடியிருந்த சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலி போட்ட 400க்கும் அதிகமான குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அவற்றுக்குப் பெயர் ‘புதுக்கிராமங்கள்’. தோட்டத் தொழிலாளர்களையும் வேலிக்குள் கொண்டுவந்து அடைத்தார்கள். அதற்கு ஆவணங்களில் ‘ரீகுரூப்மெண்ட்’ என்று பெயர். மறுபடி குழுவாக்குதல். ஏற்கெனவே சிதறிப்போயிருந்த நண்பர்களை யாரோ ஒன்று சேர்த்துவைத்தது போல.

ஆனால் ஆர்வெல்லிடம் எனக்கு ஒரு சண்டை உண்டு. பொய்யை வெறுப்பதையும் நீண்ட லத்தீன் சொற்களை வெறுப்பதையும் அவர் ஒன்றாக்கிவிட்டார். குட்டையான, பழைய ஆங்கிலச் சொற்கள் நேர்மையானவை, லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் வந்த நீண்ட சொற்கள் பாசாங்கானவை என்ற எண்ணம் அந்தக் கட்டுரை முழுக்க ஓடுகிறது. இது உண்மையல்ல. எடுத்துக்காட்டு வேண்டுமா? ‘லெட் கோ.’ இரண்டு சொற்கள். இரண்டும் சின்னவை, இரண்டும் ஆதி ஆங்கிலம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்தவை. ஒருவனை வேலையை விட்டு நிறுத்தும்போது ‘வீ ஹேவ் டு லெட் யூ கோ’ என்கிறார்கள். போக விடுகிறோம். அவன் ஏதோ கதவைத் தட்டிக்கொண்டு நின்றது போலவும், இவர்கள் பெரிய மனது பண்ணித் திறந்துவிட்டது போலவும். ஆர்வெல்லின் விதிகள் எல்லாவற்றையும் கடந்து வரும் தொடர் இது. ஆனாலும் அப்பட்டமான பொய்.

அதற்கு மாறாக ‘ரிட்ரெஞ்ச்மெண்ட்’ என்ற சொல்லைப் பாருங்கள். நீளம், கரடுமுரடு, வெட்டுதல் என்ற பொருளுள்ள பிரெஞ்சு வேர். எந்தப் பட்டியல்காரருக்கும் பிடிக்காது. ஆனால் மலேசியாவில் ஒரு தொழிலாளியைக் காப்பாற்றக்கூடியது அந்தச் சொல்தான். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் தாமானில் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அண்ணன் இருக்கிறார். தொழிற்சாலை ஒன்றில் 17 ஆண்டுகள் ஒரே இயந்திரத்தில் நின்றவர். ஒருநாள் இரவு எட்டு மணிக்கு ஒரு கடிதத்தோடு வந்தார். ஒன்றரைப் பக்கம், நல்ல தாள், நல்ல அச்சு. நிறுவனத்தின் ‘உருமாற்றப் பயணம்’ பற்றி முதல் பத்தி. ‘ரைட்சைசிங்’ பற்றி இரண்டாவது. அவருடைய ‘விலைமதிப்பற்ற பங்களிப்பு’ மூன்றாவது. ‘கோயிங் ஃபார்வர்டு’ இரண்டு இடத்தில். கடைசியில், இரு தரப்பும் மனமொத்துப் பிரிவதற்குத் தாம் முழுச் சம்மதத்துடன் உடன்படுவதாகக் கீழே கையெழுத்து வைக்க ஒரு கோடு.

அவர் கேட்டது ஒரே கேள்வி. “தம்பி, இவ்ளோ எழுதியிருக்கான், வேல இருக்கா இல்லையா, அத எங்க போட்டிருக்கான்?”

நானும் தேடினேன். எங்கேயும் இல்லை. ஒன்றரைப் பக்கத்தில் ‘உங்களை வேலையை விட்டு நிறுத்துகிறோம்’ என்று ஒரு வாக்கியம் கிடையாது. “இல்லண்ணே, வேல இல்ல. ஆனா நிறுத்துறது அவங்க இல்லையாம், நீங்களே போறீங்களாம்” என்றேன்.

“நான் எங்கடா போறேன்னு சொன்னேன்?”

இதில் மொழி நயம் எதுவும் இல்லை, கணக்குதான் இருக்கிறது. மலேசியாவில் வேலை நிறுத்தம், ஆட்குறைப்பு ஆகியவற்றுக்கான இழப்பீட்டு விதிமுறைகள் 1980இலிருந்து இருக்கின்றன. அந்தச் சட்டத்துக்குள் வரும் தொழிலாளியை நிர்வாகம் ஆட்குறைப்பு செய்தால், இரண்டு ஆண்டுக்குக் குறைவான பணிக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் என்றால் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் குறைந்தபட்சம் கொடுக்க வேண்டும். 17 ஆண்டுக்கு 340 நாள் சம்பளம். தானாக வேலையை விட்டவருக்கு இந்த இழப்பீடு கிடையாது. நியாயமில்லாமல் நீக்கப்பட்டதாக நினைப்பவர் 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின் கீழ் முறையிடலாம், 60 நாளுக்குள். நீக்கப்பட்டவருக்குத்தான் அந்தக் கதவு. ‘மனமொத்துப் பிரிந்தேன்’ என்று கையெழுத்து வைத்தவர் தான் நீக்கப்பட்டதை முதலில் நிரூபித்தாக வேண்டும். அது லேசுப்பட்ட வேலை அல்ல. ‘ரிட்ரெஞ்ச்மெண்ட்’ என்ற கரடுமுரடான சொல் அந்தக் கடிதத்தில் இருந்திருந்தால் 340 நாள் சம்பளம் கூடவே வந்திருக்கும். அதனால்தான் அது இல்லை. அண்ணன் அன்றைக்குக் கையெழுத்து வைக்கவில்லை. மறுநாள் தொழிலாளர் இலாகாவுக்குப் போனார். பிறகு அவருக்கு என்ன கிடைத்தது என்பது அவருடைய சொந்த விஷயம்.

அந்தக் கடிதத்தை எழுதியவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாராவது சொல்ல முடியுமா? மிக நன்றாகத் தெரியும். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. மொழித் தூய்மைக்காரர்கள் சிவப்பு மையால் சுழிக்க அதில் ஒரு இடம் இருந்திருக்காது. ‘ப்ளீஸ் ரிவர்ட்’ என்று முடித்திருந்தால் ஒருவேளை அதைச் சுழித்திருப்பார்கள். எரிச்சலை அளவுகோலாக வைத்துக்கொண்டால் வரும் வினை இதுதான்.

இதே பார்வையோடு நம் வரலாற்றின் ஒரு சொல்லைப் பார்க்கலாம். 1950களின் இறுதியிலும் 60களிலும் வெளிநாட்டு முதலாளிகள் பலர் ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் நிலத்தைக் கூறு போட்டு விற்றார்கள். வேலையும் வீடும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்த தமிழ்த் தொழிலாளர்கள் இரண்டையும் ஒரே நாளில் இழந்தார்கள். இதைச் சமாளிக்கத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளிகளே பணம் சேர்த்துத் தோட்டத்தை வாங்குவது என்ற எண்ணம். இந்த நிகழ்வுக்கு ஆங்கில ஆவணங்களிலும் ஆய்வுகளிலும் பெயர் ‘ஃப்ராக்மெண்டேஷன்’. கண்ணாடி கீழே விழுந்து தானாகச் சிதறுகிற மாதிரி ஒரு சொல். யாரும் எதுவும் செய்யவில்லை, நிலம் சிதறிவிட்டது.

தமிழில் நாம் அதற்கு வைத்த பெயர் ‘தோட்டத் துண்டாடல்’. இந்தச் சொல்லை யார் முதலில் எழுதியிருந்தாலும் அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. துண்டாடுதல் தானாக நடக்காது. ஒருவன் கத்தியோடு நிற்க வேண்டும். கீழே ஓர் உடல் கிடக்க வேண்டும். மொழிபெயர்ப்பு என்று பார்த்தால் ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ்தான். ஆனால் ஆங்கிலம் ஒளித்துவைத்த கத்தியைத் தமிழ் வெளியே எடுத்துப் போட்டுவிட்டது. தோட்டத்திலிருந்து வெளியேறியவர்கள் நகரத்தின் ஓரங்களில் குடிசை போட்டபோது அவர்களுக்கு ‘ஸ்குவாட்டர்’ என்ற பெயர் கிடைத்தது. குந்தியிருப்பவர்கள். மூன்று தலைமுறை வாழ்ந்த தோட்டத்திலேயே, அது கைமாறிய பிறகு வெளியேற மறுத்தவர்களுக்கும் அதே பெயர்தான் கிடைத்தது. ‘ஸ்குவாட்டர்’ ஒரு குட்டையான சொல், எளிமையான சொல். ஆர்வெல்லின் விதிப்படி அதில் ஒரு குறையும் இல்லை.

தமிழுக்கு இயல்பாகவே இந்த நேர்மை இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொள்ள இதைச் சொல்லவில்லை. அதே ‘ஸ்குவாட்டர்’க்கு நாம் ‘புறம்போக்கு’ என்ற சொல்லை எடுத்துவந்தோம். யாருக்கும் பட்டா போடாத நிலத்தைக் குறித்த சொல்லை அங்கே வாழ்ந்த மனிதர்கள் மேல் ஒட்டினோம். அது வசைச் சொல்லாகவும் ஆனது. இப்போதைய நிலைமை இன்னும் மோசம். நம் அமைப்புகளின் அறிக்கைகளில் ‘ஸ்டேக்ஹோல்டர்’ என்பது ‘பங்குதாரர்’ ஆகிவிட்டது. மேம்பாட்டுத் திட்டத்துக்காக வீட்டை இழக்கப் போகும் குடும்பமும் பங்குதாரர், வீட்டை இடிக்கப் போகும் நிறுவனமும் பங்குதாரர். பங்கு என்ன என்று கேட்டால் ஒருவருக்கு லாபம், மற்றவருக்கு லாரி. ‘மக்கள் மாற்றிடத்துக்கு நகர்த்தப்பட்டனர்’ என்று தமிழ்ப் பத்திரிகைகளே எழுதுகின்றன. யார் நகர்த்தினார்கள் என்று நிருபர் கேட்டிருந்தால் வாக்கியம் வேறு மாதிரி இருந்திருக்கும். இலக்கிய விமர்சனமும் இதற்கு விலக்கு அல்ல. ‘இப்பிரதி விளிம்புநிலைக் கதையாடலை முன்னெடுக்கிறது’ என்று எழுதினால், கதை நன்றாக இருக்கிறதா இல்லையா என்ற அபிப்பிராயத்திலிருந்து எழுதியவர் தப்பித்துவிடுகிறார்.

எளிய ஆங்கிலத்துக்காகப் போராடியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஆர்வெல்லோ கவர்ஸோ அல்ல. லிவர்பூலைச் சேர்ந்த கிரிஸ்ஸி மேஹர் என்ற பெண்மணி. பதின்ம வயது வரை வாசிக்கத் தெரியாமல் வளர்ந்தவர். 1979இல் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் நின்று, யாருக்கும் புரியாத அரசாங்கப் படிவங்களைக் கூட்டத்துக்கு முன்னால் துண்டு துண்டாகக் கிழித்துப் போட்டார். ‘ப்ளெய்ன் இங்லிஷ் காம்பெய்ன்’ அப்படித்தான் தொடங்கியது. ‘லிட்டரலி’யின் சரியான பொருளைப் பற்றி அவர் கவலைப்பட்டு அங்கே வரவில்லை. படிவம் புரியாததால் ஏழைக்குக் கிடைக்க வேண்டிய பணம் கிடைக்கவில்லை என்பது அவருடைய வழக்கு. சொற்களைப் பற்றிய சண்டை அந்த இடத்திலிருந்து தொடங்கினால்தான் அதற்கு அர்த்தம் இருக்கிறது.

ஆகவே எரிச்சலூட்டும் சொற்களின் பட்டியல் தயாரிப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய யோசனை ஒன்றுதான். ஒரு சொல் புதிதா பழையதா, குட்டையா நீளமா, நம்முடையதா வெள்ளைக்காரனுடையதா என்று பார்க்க வேண்டாம். அது நிற்கும் வாக்கியத்தை அப்படியே எடுத்து, கோப்பிக்கடையில் உட்கார்ந்து பேசும் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘ப்ளீஸ் ரிவர்ட்’ என்பது ‘பதில் போடுங்க’ என்று வந்துவிடும். விட்டுவிடலாம், அது பாட்டுக்கு இருக்கட்டும். ‘ரைட்சைசிங்’ வராது. அதைச் சொல்ல வேண்டுமானால் ‘அவங்க எங்கள்ல நாப்பது பேர வேலைய விட்டு நிறுத்திட்டாங்க’ என்று ‘அவங்க’ளை உள்ளே கொண்டுவந்தாக வேண்டும், எண்ணிக்கையைச் சொல்லியாக வேண்டும். அப்படி ஓர் ஆளும் எண்ணும் உள்ளே வர மறுக்கும் சொல் எதுவோ அதுதான் பட்டியலில் முதலில் இருக்க வேண்டியது. அந்த மாதிரிச் சொல் உள்ள தாளில், அது எத்தனை நல்ல தாளாக இருந்தாலும், யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்து வைக்கக் கூடாது.